சரவிளக்குக்குச் சந்தனப் பொட்டு

திருக்காட்டுப்பள்ளி அருகே எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்தில் பித்தளைச் சரவிளக்கு ஒன்று தொங்குகிறது. மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கு அது; ஊருக்கு மின்சாரம் வந்த பிறகுதான் பல்பு மாட்டினார்கள். போன தை மாதம் அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக அதைப் புதுப்பிக்க, பழம்பொருள் நிபுணர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வந்தார்.

"மராட்டிய ராஜா காலத்துது சார்" என்றார்.

எந்த ராஜா என்று கேட்டேன்.

"எல்லா ராஜாவும்தான் சார்."

அந்த மேதை புது ஒயர் இழுத்தார். எர்த் கொடுக்கவில்லையே என்றேன்.

"அந்தக் காலத்துல எர்த்து ஏது சார்? ஒரிஜினலா இருக்கணும்ல?"

"அந்தக் காலத்துல கரண்டே ஏதுங்க?"

"எல்லாத்துலயும் நொட்டை சொல்லாதடா" என்று அண்ணன் என்னை அடக்கினார். நானும் அடங்கித் தொலைத்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விளக்கைக் கயிற்றில் தாழ இறக்கி எரியவிட்டார்கள். புதிதாக ஏற்றும் விளக்குக்குப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்படியும் கை எட்டாததால் அண்ணி மர முக்காலியில் ஏறி, ஈரச் சந்தனத்தோடு பித்தளையைத் தொட்டார். அலறிக்கொண்டு கீழே விழுந்தார். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றிருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

"பித்தளைன்னா லேசா அடிக்கத்தான் சார் செய்யும்" என்றார் நிபுணர், கொஞ்சமும் அசராமல்.

மறுநாளே எர்த் கொடுத்து, கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் போட்டோம். இப்போது எங்கள் வீட்டில் யார் விளக்கு வேலை செய்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு, சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுக்கிறேன். முதல் பொட்டு அவருடையது.