எஸ்டேட் பூட்ஸ்

பள்ளத்தாக்கில் எங்கள் ராயப்பன்பட்டி கால்பந்து அணியை ஜெயிக்க ஆளில்லாத காலம். ஜெயித்தால் எங்களுக்குக் கிடைப்பது ஒருவேளைச் சாப்பாடுதான். மலைமேல் தேயிலை எஸ்டேட் துரை புதிதாக அணி சேர்த்து, மாதச் சம்பளமும் காலுக்குப் பூட்ஸும் தருவதாகச் சொன்னார். ஏறிவிட்டேன். அங்கே எதிர்த்து ஆட உருப்படியான அணியும் இல்லை, மூடுபனியில் வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை.

அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு ஊருக்கு வந்தேன். எல்லோரும் வெறுங்கால். நானும் வீம்பாகப் பூட்ஸைக் கழற்றினேன். அதற்குள்ளேயே கிடந்து பாதம் மெத்தென்று ஆகிப்போயிருந்தது. முதல் ஓட்டத்திலேயே சரளை குத்தி, பந்தை விட்டுவிட்டு நொண்டினேன். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழைய கேப்டன் பதறி ஓடிவந்தார்.

"ஏலே, விருந்தாளிக்கு யாராச்சும் செருப்பு குடுங்கடா."