எஸ்தர் திருத்திய பிளேடு

செவ்வாய்க்கிழமை காலை, சுந்தரபாண்டியபுரத்தில் நான் வயலைச் சமன்செய்துகொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி போனில் அழைத்தார். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றார். தென்காசியில் ஹைட்ராலிக் ஹோஸ் கடை வைத்திருந்த எஸ்தரை, புளியறை லாரிக்காரர்களுக்கும் பொக்லைன் ஓட்டுநர்களுக்கும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தவன் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. வெள்ளம் என் வயலில் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டுப் போன வருடம் அது; பிசான நெல் நடவுக்குள் கல்லைத் தள்ளியாக வேண்டியிருந்தது. வயலுக்குப் போகும் ஓடைக்கரையோ பொக்லைன் நுழையாத குறுகல். சின்ன புல்டோசர் ஒன்றை நானே செய்யத் தொடங்கினேன். முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தூக்க நடுவில் ஒரே எண்ணெய் ஜாக்கி என்று வரைந்து, அதற்கு எண்ணெய் போகும் ஹோஸ் வாங்க எஸ்தர் கடைக்குப் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுலதான் வந்து முட்டுவேன்னு கல்லு உங்ககிட்ட சத்தியம் பண்ணிருக்கா அண்ணாச்சி?"

கடையே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. மூலையில் கல் மோதினால் பிளேடு முறுக்கிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒரு ஜாக்கி, நடுவே குறுக்குச் சட்டம், வண்டி ஓடும் சங்கிலிப் பட்டைகளைவிட நான்கு விரல் கூடுதல் அகலம் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே வரைந்து தந்தார்.

முதல் நாள் ஓட்டத்திலேயே ஜாக்கி மூட்டில் எண்ணெய் கசிந்தது. பிளேடை முழுக்கத் தூக்கி நிறுத்தி, அடியில் கால் நீட்டிப் படுத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாற்று ஹோஸோடு ஸ்கூட்டரில் வந்த எஸ்தர் ஓடைக்கரையிலிருந்தே கத்தினார்.

"அடியில கிடந்து என்ன பண்ணுதிய? வெளிய வாங்க!"

"பட்டாளத்துல லாரிக்கு அடியிலயே கிடந்தவன் நான்."

"லாரிய இரும்பு தாங்குச்சு. இத எண்ணெய்தான் தாங்குது. வெளிய வந்தாத்தான் ஹோஸ் தருவேன்."

முனகிக்கொண்டே கால்களை இழுத்து எழுந்தேன். ஹோஸுக்குக் கை நீட்டும்போதே, பாதி கழன்றிருந்த மூட்டு பிய்த்துக்கொண்டது. எண்ணெய் பீய்ச்சியடித்தது. என் கால்கள் கிடந்த இடத்தில் பிளேடு விழுந்து மண்ணில் புதைந்தது. எஸ்தர் திட்டவில்லை. தன் முகத்தில் தெறித்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, "சரி, பிளேடு தரைக்கு வந்தாச்சு. இனி வேலையப் பாப்போம்" என்றார்.

நடவுக்கு முன்பே கல்லெல்லாம் ஒதுங்கிவிட்டது. அந்த பிளேடு இன்றுவரை வளையவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் நான் வடிவமைத்தது என்றே சொல்லிவந்தேன். எஸ்தர் பக்கத்தில் நின்றாலும் மறுக்க மாட்டார், சிரிப்பார். அவரைத் தெரிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன்: அது அவர் வடிவமைத்தது.

அடக்கத்தன்று குற்றாலச் சாரல் விடாமல் தூறியது. "வண்டியில ஏறிக்கிடுங்க அண்ணாச்சி" என்று அவர் தம்பி இரண்டு முறை சொன்னார். நான் ஏறவில்லை. கல்லறைத் தோட்டம் வரை பெட்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். எஸ்தர் எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டு கால்களை. அன்றைக்கு நடக்காமல் அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?