கெபாசிட்டர் மாற்றிய பேஸ் கிட்டார்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் குடைச்சல். கெட்டுப்போன பொருளைத் திறந்து பார்ப்பவர்கள் ஊரில் ஏராளம். இவனுக்கோ நன்றாக ஓடுவதையும் திறந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரம் இவன் கைபட்ட பிறகு சில சமயம் பின்னாலும் ஓடுகிறது.

விடுமுறை நாட்களில் இவன் அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பான். மாமா, அதாவது அக்காவின் கணவர், டிரம்ஸ் அடிப்பார். அக்கா பாடுவாள். வேறு வாத்தியம் கிடையாது. இருந்தாலும் கல்யாண வரவேற்புகளுக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது, அக்காவின் குரலுக்காக. வாரம் முழுக்கத் தையல் கடையில் குனிந்தே கிடப்பவள் அவள். "பாட்டையும் பிடுங்கிட்டா நான் வெறும் ஊசிதான்" என்பாள்.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. "உன் கிட்டார் தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்குடா. கொஞ்சம் இதமா, உருண்டையா வரக்கூடாதா?"

இது போதாதா குடைச்சலுக்கு! அன்றைக்கே கிட்டாரின் மூடியைக் கழற்றிவிட்டான். டோன் குமிழுக்கு அடியில் நகம் அளவில் ஒரு கெபாசிட்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. இவன் கடையில் புழங்குபவை கட்டைவிரல் பருமன். இத்துனூண்டு பொட்டா சத்தத்தை மாற்றும் என்று வியந்துபோனான். கீச்சென்ற பகுதியை வடித்து வெளியே விடுவதுதான் அதன் வேலை. கொஞ்சம் பெரியதாகப் போட்டால் இன்னும் அதிகம் வடியும். இரண்டு ஒயர்களை வெளியே இழுத்து, கிளிப்பில் ஒவ்வொரு கெபாசிட்டராகக் கவ்வவைத்து, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தியது காதில் விழவில்லை. கடைசியில் ஒன்று பழுத்த குரலில் பேசியது. அதையே பற்றவைத்து, குமிழையும் நன்றாகக் குறைத்துவைத்தான்.

ஞாயிறு மதியம் தையல் கடையில் ஒத்திகை. முதல் சுரத்திலேயே மாமா முகம் மலர்ந்துவிட்டது. "டேய், இப்பதாண்டா பேஸ்!"

அக்கா பாட எடுத்தாள். சுருதி இறங்கியிருந்தது. நிறுத்தினாள், மறுபடி எடுத்தாள், மறுபடியும் இறங்கியது. இருபது வருடத்தில் ஒருமுறைகூட நடக்காதது. தொண்டை கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு மாமா டீ வாங்கிவரப் போனார்.

குடைச்சலுக்குள் பூச்சி ஊர்ந்தது. "இன்னொரு தரம் பாடுக்கா" என்று சொல்லி, வாசித்தபடியே குமிழை முழுக்கத் திறந்தான்; பழைய கூர்மை திரும்பியது. குரல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. மெல்ல மூடினான். குரல் வழுக்கியது. திறந்தான், சேர்ந்தது. அடடா, என்னமோ பிடிபடுகிறதே என்று உள்ளுக்குள் துள்ளினான். மனிதனுக்கு இப்படியும் ஒரு புத்தி.

பாட்டை நிறுத்திய அக்கா திரும்பி உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள். இவன் குமிழை அடியோடு மூடி, தடித்த கம்பியை மீட்டினான். ஸ்பீக்கர் மேலிருந்த நூல்கண்டு நடுங்கியது. அக்கா திரும்பவில்லை.

"கேட்டுச்சாக்கா?"

"என்னது? நீ இன்னும் வாசிக்கவே இல்லியே."

இதைத் திறந்து பார்த்திருக்கவே வேண்டாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தான்.

"வாசிச்சேன்க்கா. அடிக்கம்பி."

அக்காவின் கை மடிப்பிலேயே நின்றது. பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள், முடியவில்லை.

"கொஞ்ச நாளாவே அப்படித்தான்டா. லாரி போனா தரை அதிருது, சத்தம் வரல. உன் கம்பியில டிங்னு ஒரு கூர்மை வரும்ல, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடிட்டிருந்தேன். இன்னிக்கு அதையும் காணோம்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"பாட்டை நிறுத்துன்னு சொல்லிட்டா? தனியாப் போய் அதைக் கேட்டுட்டு வர எனக்குத் தைரியம் இல்லடா."

"நாளைக்கு நான் கடை திறக்கல. ரெண்டு பேரும் போறோம்."

அக்கா தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

"சரி, நாளைக்கு. இப்ப அந்தக் குமிழை முழுசாத் திற. ஒரு பாட்டாவது ஒழுங்காப் பாடிக்கிறேன்."

திறந்தான். அக்கா இம்மியும் பிசகாமல் பாடினாள். அவன்தான் பாட்டு முழுக்கத் தாளம் தப்பிக்கொண்டே போனான்.