நோரா ஊட்டிய இரும்பு

ஐரிஷ் நாட்டுப்புறமான மேயோ பக்கம் கல்யாணம் கட்டாமல் ஒரே வீட்டில் கிழடுதட்டிப்போகும் அக்கா தம்பிகளுக்குப் பஞ்சமில்லை. நோரா கெராட்டியும் ஃபெஸ்டியும் அப்படித்தான். நோரா ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதிரியாரே எதிர்த்து வாயைத் திறக்கமாட்டார். தம்பி எந்த மூலைக்கு!

அறுபதைத் தாண்டியதும் ஃபெஸ்டிக்குக் கைவிரல் மடங்கவில்லை. அடுப்பெரிக்கச் சதுப்புமண் வெட்டப் போனவன் பாதியில் உட்கார்ந்துவிடுவான். சோகை என்று நோராவே முடிவுகட்டினாள். வருஷத்துக்கு இரண்டு முறை சர்ச் மண்டபத்தில் அவன் செய்துவந்த ரத்ததானத்துக்கும் தடை போட்டாள்.

"உனக்கே ஒடம்புல ரத்தமில்ல, ஊருக்கு வேற தர்மமா?"

"குடுத்துட்டு வந்தா ஒடம்பு லேசா இருக்கு, நோரா."

"மண்டையில ஒண்ணுமில்லாதவனுக்கு எல்லாமே லேசாத்தான் இருக்கும். வாயைத் தொற."

காலையில் ஒரு கரண்டி இரும்புச்சத்து டானிக். செவ்வாய்க்கிழமை தவறாமல் ஈரல் வறுவல். ஆறு வருஷம் இப்படி ஊட்டினாள். தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.

போன குளிர்காலத்தில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. மேனி கறுத்து, வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் நோராவைத் தனியே கூப்பிட்டாள்.

"இரும்பு கொறைச்சல் இல்லம்மா, அதிகம். இந்தப் பக்கம் பரம்பரையா வர்றதுதான். ஈரல், மூட்டு, இதயம்னு எல்லாத்துலயும் தங்கிடுச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பப்ப ரத்தம் எடுத்தே காப்பாத்தியிருக்கலாம். இனிமே ரெண்டு மூணு நாள்தான்."

பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டுவிடலாம்தான். ஆனால் தம்பியிடம் சொல்லாமல் அவனை அனுப்பிவிட்டால், மிச்ச நாளை எப்படிக் கழிப்பது? நோரா நேரே கட்டிலருகே போனாள்.

"ஃபெஸ்டி, நான்தான்டா ஒன்னைக் கொன்னுட்டேன். ரத்தம் குடுக்க விடாம, அந்த டானிக்கை ஊத்தி ஊத்தி..."

டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாள். அவன் மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

"டானிக்கா? அதை யாரு முழுங்கினா? நீ அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா துப்பிடுவேன்."

அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்காமல் நோரா ஒருநாளும் கரண்டியைக் கீழே வைத்ததில்லை.

"அப்ப ஈரலு?"

"அதை நாய்க்குப் போட்டேன்."

அவர்கள் வீட்டு நாய் செத்துப் பத்து வருஷமாகிறது.

"அடத் திருட்டுப்பயலே! அதான் அந்த நாய் அப்படிக் கொழுத்துதா?" என்றாள் நோரா. மடங்காத அவன் விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.