அசுரனின் வாசலில் பாஸ்

ஒரு புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவது எனக்குப் பழக்கமில்லை. அந்த ஐப்பசியில் மட்டும் மூன்று புத்தகங்கள் ஒரேயடியாகத் திறந்து கிடந்தன. காலைத் தேநீருடன் ஒன்று, மானிப்பாய் பஸ்ஸில் ஒன்று, நூலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. எதிலும் சில பக்கங்கள் தாண்டியதும் மற்றதில் என்ன நடக்கிறதோ என்று மனம் எழும்பிவிடும். எழும்பினால் நானும் எழும்பி, அந்தப் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தேடுவேன். நான் பொருட்களைத் தேடுகிற ஆள் அல்ல. என் வீட்டில் கத்தரிக்கோல் எந்த லாச்சியில் இருக்கிறது என்பதை இருட்டிலும் சொல்லுவேன்.

மூன்றும் ஒரே பெட்டியில் வந்தவை. வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம், வீட்டை விற்றபோது எங்கள் பொது நூலகத்துக்குக் கொடுத்த பெட்டி அது. பிரித்து, எந்தத் தட்டுக்கு எது என்று தீர்மானித்து எண் போடுவது என் வேலை. ஒன்று எங்கள் ஊர்க் கோயிலில் படிக்கிற புராணத்துக்கு எவரோ எழுதிய பழைய உரை. தாள்கள் மண்ணிறமாகி, ஓரம் தொட்டால் உதிர்ந்தது. இன்னொன்று சிறுவர்களுக்கான விண்வெளிக் கதை. மூன்றாவது வன்னி எல்லையின் வரலாறு: குடாநாடு பெருநிலத்தோடு ஒட்டுகிற அந்த ஒடுங்கிய கழுத்தில் ஒல்லாந்தர் வைத்த காவல் அரண்கள், காட்டுக்கு அந்தப் பக்கம் ஆண்ட வன்னியச் சிற்றரசர்கள், இடையில் யானைகளோடும் மூட்டைகளோடும் வந்து நின்ற சனங்கள். எண் போடுவதற்கு முன் கொஞ்சம் வாசிக்கவேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எண் போடவே இல்லை.

அடுத்த வளவில் என் அண்ணை இருக்கிறார். தபால் கந்தோரில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் லண்டனில். அவரும் மச்சாளும்தான் வீட்டில். எங்கள் முருகன் கோயிலில் ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் பின்னேரப் பூசைக்கு முன் புராணம் படிப்பார்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படித்து நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பொருள் சொல்லுவார். அதைப் பயன் சொல்லுவது என்போம். தலைமயிர் கறுப்பாக இருந்த காலம் முதல் பயன் சொல்லுகிற பாய் அண்ணையினுடையது. ஊரில் அவரைத் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரலைத் தெரியும்.

அந்த வருடம் சலரோகம், அந்தச் சீனி வியாதி, அவருடைய கண்ணுக்குள் இரத்தத்தைக் கசிய வைத்திருந்தது. ஊசி போட்டார்கள். ஆளின் முகம் தெரிந்தது; எழுத்துத் தெரியவில்லை. புராணம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்போலத்தான். ஆனால் முதல் நாள் பின்னேரம் அடுத்த நாளுக்குரிய பகுதியை ஒருமுறை பாராமல் அவர் ஒருபோதும் பாயில் இருந்ததில்லை. லண்டனிலிருந்து மகன், யாரோ படித்த ஒலிப்பதிவைப் போனுக்கு அனுப்பினான். அண்ணை ஒரு நாள் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பி வைத்தார்.

“உவனிட்டை இடையிலை மறிச்சு ஒண்டும் கேக்கேலாது,” என்றார்.

ஆகவே நான் வாசித்தேன். வேலையால் வந்து, முகம் கழுவி, விளக்கு வைத்தபின் அவர் வீட்டு விறாந்தையில். அந்தப் பாய் கைவிட்டுப் போனால் அண்ணை வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவார் என்பது மச்சாளுக்கும் எனக்கும் தெரியும். கோயில் தர்மகர்த்தா இரண்டு தடவை வந்து சுகம் விசாரித்தார். இரண்டு தடவையும் அடுத்த ஊரில் நன்றாகப் பயன் சொல்லுகிற ஒரு தம்பி இருக்கிறாராம் என்ற கதை எப்படியோ வந்தது.

முதலில் செய்யுள், பிறகு உரை, நேரமிருந்தால் மற்றவை. அந்த ஒழுங்கை நான்தான் வைத்தேன். குழப்பியது அண்ணை.

“எடி, அந்தக் கப்பல் பிள்ளைக்கு என்ன நடந்தது?”

“முதலிலை நாளைக்குரிய பாட்டு, அண்ணை.”

“பாட்டு எங்கை ஓடப்போகுது? அது எங்கடை பாட்டன் காலத்திலையும் அங்கைதான் நிண்டது. அவளுக்கு மூச்சுவிட ஒட்சிசன் முடியப்போகுதெல்லே.”

குசினியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது. “கோயிலிலை பயன் சொல்லுற மனுசன் சின்னப்பிள்ளையளின்ரை புத்தகத்துக்கு அந்தரப்படுகுது. தர்மகர்த்தா கேட்டால் பொன்னாடை போர்ப்பார்.”

விண்வெளிக் கதையில் வருகிற அந்தப் பிள்ளை, தூரத்துக் கோள் ஒன்றுக்குக் குடியேறப் போகிற கப்பலில் பிறந்தவள். பழுதான ஒரு கருவியைத் திருத்த வெளியே போய்த் திரும்பி வருகிறாள். கப்பலுக்கு இரண்டு கதவுகள், இடையில் சின்ன அறை. வெளிக்கதவு முழுதாக மூடினால்தான் உட்கதவு திறக்கும். வெளிக்கதவோ பாதியில் இறுகி நின்றுவிட்டது. நான் வாசிக்க வாசிக்க அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“உது எங்கடை சூனியப் பிரதேசமெல்லோ,” என்றார். “இஞ்சாலை பூட்டினாப் பிறகுதான் அங்காலை திறப்பினம். நடுவிலை நிண்டவை நிண்டதுதான்.”

நான் புத்தகத்தை மடியில் வைத்தேன். அந்தக் காலத்தைப் பற்றி அவர் கதைப்பதில்லை. சண்டைக்காலத்தில் குடாநாட்டை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும்; இரண்டு பக்கக் காவலுக்கும் நடுவில் ஆளில்லாமல் கிடந்த அந்த வெளியையும் தாண்டவேண்டும். அப்பாவைக் கொழும்புக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக அண்ணை இரண்டு பேருக்குக் கேட்டு நின்றார். அப்பாவுக்கு மட்டும் கிடைத்தது. அப்பா தனியப் போனார். அண்ணைக்குப் பாஸ் வந்தபோது அந்தப் பயணத்துக்குத் தேவை இருக்கவில்லை.

“பேந்து?” என்றார் அண்ணை. நான் தொடர்ந்து வாசித்தேன்.

அடுத்த சில பின்னேரங்களில் என் ஒழுங்கு முற்றாகக் குலைந்தது. ஒரு செய்யுள் வாசித்து, அதன் உரையைப் பாதியில் விட்டு, வன்னி எல்லைக்குப் போவேன். அங்கே கடந்துபோக அனுமதிக்கிற ஓலைச் சீட்டில்லாதவர்களைக் காவலர்கள் ஓரமாக இருத்திவைத்திருப்பார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போவேன். பிள்ளை இன்னும் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்பாள். மூன்று புத்தகத்திலும் யாரோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கதிரையில் இருக்கமுடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே வாசித்தேன். “இருந்து வாசியன், எனக்குத் தலை சுத்துது,” என்று மச்சாள் ஏசினார். அண்ணையின் கால் பெருவிரலும் நிலத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

புராணத்தில் முருகனின் தூதர் அசுரனின் நகருக்குப் போகிற பகுதி வந்தது. அன்று எனக்கு அரைநாள் லீவு. கோயிலில் பெண்கள் பக்கத்தில், தூணோரம் இருந்தேன். படிக்கிறவர், சந்தையில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறவர், தூதர் நகர்வாசலில் வந்து நிற்கும் செய்யுளை இழுத்துப் படித்து நிறுத்தினார். அண்ணை வழக்கம்போல மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“அந்தத் தூதர் வாசலிலே வந்து நிற்கின்றார். காவலாளர் ஆயுதங்களோடு நிற்கின்றார்கள்,” என்று தொடங்கினார். பிறகு குரல் இறங்கியது. “முன்னாலை ஒரு கயிறு கட்டியிருக்கு. அங்காலை போறதெண்டால் பாஸ் காட்டவேணும். பாஸ் இல்லாதவை கரையிலை இருக்கவேணும். நிழலும் இல்லை, தண்ணியும் இல்லை. கேட்டால், கையெழுத்து வைக்கிறவர் சாப்பிடப் போயிட்டாராம்.”

படிக்கிறவரின் விரல் அடுத்த செய்யுளில் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒரு மனுசி, தலையைக் குனிந்தபடி, தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஓம். நானும் நிண்டனான்.”

“நீ மட்டுமே? நான் கைக்குழந்தையோடை,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தன் வாயிலிருந்து வந்தது அண்ணைக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்கவேண்டும். கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். படிக்கிறவர் அவசரமாக அடுத்ததை எடுத்தார்.

பூசை முடிந்து கடலை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தர்மகர்த்தா தேர்முட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. கோயில் சுவர்கள் உடைந்து கிடந்த நாளில் ஊருக்குத் திரும்பி வந்து, ஆளாளாகப் பிடித்து அதைக் கட்டியவர்.

“மாஸ்டர், அசுரன்ரை வாசலிலை பாஸ் கேட்டவையெண்டு எந்தப் பாட்டிலை கிடக்கு?”

“பாட்டிலை இல்லை.”

“அப்ப?”

“வாசலெண்டால் கேப்பினம்தானே,” என்றார் அண்ணை.

“பகிடி விடாதையுங்கோ. சனம் கோயிலுக்கு வாறது உதுகளை மறக்க. இஞ்சையும் வந்து அதையே கேக்கிறதெண்டால் என்னத்துக்கு வருவான்?” அவர் என்னைப் பார்த்தார். “கண் சுகமாகிற மட்டும் மாஸ்டர் ஆறுதலா இருக்கட்டுமன். அந்தத் தம்பி நாளைக்கே வருவார்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “இனிமேல் நான் பாட்டை மட்டும்தான் வாசிச்சுக் காட்டுவன், ஐயா,” என்றேன். “வேறை ஒண்டும் வாசிக்கமாட்டன். பாட்டிலை உள்ளது மட்டும்தான் வரும். வேறை ஒண்டு வந்தால் அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கோ.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

சொன்னபடி செய்தேன். வரலாற்றையும் விண்வெளிக் கதையையும் நூலகத்துக்குக் கொண்டுபோய் என் மேசைக்குக் கீழே, அதே பெட்டிக்குள் வைத்தேன். பின்னேரங்களில் செய்யுள், உரை, முடிவு. அண்ணையும் கோயிலில் தந்தி வாசிப்பதுபோலப் பயன் சொன்னார். “தேரில் ஏறினான். அம்பை எய்தான். அது இரண்டாக முறிந்தது.” அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பிழை கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. கேட்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். சிலர் பூசை மணி கேட்ட பிறகுதான் கேணியடிக்கே வந்தார்கள். தர்மகர்த்தா வெறுமையான பாய்களைப் பார்த்தார்.

வீட்டிலும் அண்ணை கப்பல் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் என்னைப் போட்டு அலைத்தது. ஒழுங்கெல்லாம் திரும்பி வந்திருந்தது, நானோ வேலையிடத்தில் பெட்டியை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தேன். ஒருமுறை புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கத்தைத் திறந்தேன். அவரில்லாமல் வாசிக்கப் பிடிக்காமல் மூடினேன்.

“என்ன, மனுசன்ரை சத்தத்தைக் காணேல்லை?” என்று மச்சாள் என்னிடம் கேட்டார். “உள்ளுக்கை காய்ச்சலோ?”

நிறைவு நாளில் மழை. அன்று காலையில் கப்பல் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. படிப்பு முடிகிற நாள் என்பதால் கோயில் நிறைந்திருந்தது. ஈரக் குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. சிறைப்பட்ட தேவர்கள் விடுதலையாகிற இடம். படிக்கிறவர் தன்னுடைய மிக நல்ல இராகத்தை அதற்கென்று வைத்திருந்தார்போல. அந்தச் செய்யுளை உருகிப் படித்து நிறுத்தினார்.

அண்ணை சொன்னார்: “சிறையின் வாசல் திறந்தது. தேவர்கள் வெளியே வந்தார்கள்.”

நிறுத்தினார். பாட்டில் உள்ளது அவ்வளவுதான். தகரக் கூரையில் மழை கொட்டிற்று. படிக்கிறவர் அடுத்ததற்கு வாயைத் திறக்கும்போது, எனக்கு முன்னால் இருந்து அந்த மனுசியின் குரல், “நானும் நிண்டனான்” என்று சொன்ன அதே குரல், உரத்துக் கேட்டது.

“மாஸ்டர், அவையளிட்டைப் பாஸ் கேக்கேல்லையோ?”

மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் தர்மகர்த்தாவைப் பார்த்தார்கள். அவர் வடக்குத் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணையும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். முகத்தின் குறிப்பு அந்தத் தூரத்தில் அவருக்குத் தெரிந்திராது. எனக்குத் தெரிந்தது, ஆனால் அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. சொல்லாதையுங்கோ அண்ணை என்று வாய்க்குள் சொன்னேன். அதே மூச்சில் சொல்லவேண்டும் என்றும் இருந்தது.

“இல்லை, பிள்ளை,” என்றார் அண்ணை. அது பழைய குரல், இறங்கி, ஆறுதலாக. “கையெழுத்து வைக்கிறவர் இன்னும் சாப்பிட்டு வரேல்லை. அவர் வரமுதல் எல்லாரும் போயிட்டினம்.”

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அந்த மனுசி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தர்மகர்த்தா கூரையை, மழை ஒழுகுகிற மூலையை, நெடுநேரம் பார்த்தார். பிறகு “மிச்சத்தைப் படியுங்கோ, பூசைக்கு நேரமாகுது,” என்று மட்டும் சொன்னார். நிறைவில் படிக்கிறவருக்கும் அண்ணைக்கும் அவரே வெற்றிலை, பழத்தோடு காளாஞ்சி கொடுத்தார். அடுத்த வருடத்தைப் பற்றி எவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அண்ணையும் கேட்கவில்லை.

ஒரே குடையில் திரும்பினோம். குறுகிய ஒழுங்கைப் பாதை முழுவதும் வெள்ளம். நான் அவருடைய முழங்கையைப் பிடித்துப் பள்ளம் வந்தால் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் நின்றார்.

“எடி, அந்தப் பிள்ளை உள்ளுக்கை போயிட்டாளோ?”

“தெரியாது, அண்ணை. நான் வாசிக்கேல்லை.”

“ஒரு பக்கம்கூட?”

“ஒரு பக்கம்கூட.”

“இவ்வளவு நாளும் அவளை அந்தக் கதவுகளுக்கு நடுவிலை விட்டிட்டோ இருந்தனீ?” என்றார். “புத்தகம் எங்கை?”

“பையிலை.”

“அப்ப கெதியா நட,” என்றார் அண்ணை. பள்ளம் எங்கே என்று கேளாமல், என்னை இழுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் காலை வைத்தார்.