வாழைக்கு வந்த காய்ச்சல்

அப்போது போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பக்கம் எங்களுக்கு அரசு குவார்ட்டர்ஸ். மெயின்லேண்ட் கப்பல் தாமதமாகி, கடைகளில் குழந்தை மாவு டப்பா தீர்ந்துவிட்டது. தவழத் தொடங்கியிருந்த என் மகள் கஞ்சியைத் துப்புவாள், பருப்புச் சாதத்தைத் துப்புவாள். எங்கள் கொல்லை வாழைப்பழத்தை மட்டும்தான் விழுங்குவாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாழை, காற்றே இல்லாமல், அடியோடு சாய்ந்தது. கிழங்கு பழுப்பாக அழுகி நாறியது. சிப்பிகாட் அரசு விவசாயப் பண்ணையில் வேலை பார்த்த நண்பரிடம் கணவர் ஒரு துண்டைக் காட்டிவிட்டு வந்தார். நண்பர் நிறைய விளக்கினாராம். கணவருக்கு நினைவிருந்தது 'பாக்டீரியா' என்ற ஒரு சொல்தான்.

பள்ளியில் சுகாதாரப் பாடம் எனக்கு மனப்பாடம். பாக்டீரியா என்றால் கொதிக்க வைக்க வேண்டும். பால் புட்டியோடு அரிவாளையும் கொதிக்க வைத்தேன். பழத்தை வேகவைத்துக் கொடுத்தேன்; மகள் துப்பினாள். மிச்சமிருந்த வாழைகளின் அடியில் குடம் குடமாக வெந்நீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதி வேலியோரம் நின்று, "க்யா பஹன், கேலே கோ புகார் ஹை?" என்றாள். வாழைக்குக் காய்ச்சலா என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பரே வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார்.

"நோவு விட்டு வச்சதையும் நீங்க அவிச்சுட்டீங்களேம்மா."

"குழந்தைக்கு ஒட்டிக்குமா அண்ணா?"

"ஃபிக்கர் வேண்டாம், கவலைப்படாதீங்க. வாழை நோவு மனுசங்களுக்கு வராது. பழத்தைத் தாராளமா குடுங்க."

"ஒருவேளை வந்துட்டா?"

அவர் முன்பே வெட்டி வைத்திருந்த தாரிலிருந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றார்.

அதன்பிறகு அவரைப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. காப்பி கொடுத்தேன். உப்புமா கிளறினேன். நடுநடுவே, "வயிறு எப்படியிருக்கு அண்ணா?" என்று கேட்டுக்கொண்டேன். கணவர் முறைத்தார்.

"பஸ் போயிடும்மா."

"அடுத்த பஸ் இருக்கு அண்ணா."

வேறு வழியில்லாமல் அவர் இன்னொரு பழத்தை உரித்தார். தவழ்ந்து வந்த மகள் அதைப் பிடுங்கி வாயில் அடைத்துக்கொண்டாள். நான் எழுந்து ஓடுவதற்குள் விழுங்கியும்விட்டாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்னும் கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வயிறு நிறையப் போகிறது. சிரிப்பதா, விரலை விட்டு வெளியே எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் நானே அடுத்த பழத்தை உரித்து அவளிடம் நீட்டினேன்.

பிறகு கணவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாவை ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இருக்கச் சொல்லுங்க."