விதைக்கு விட்ட புளிச்சை

இருசம்மாள் கயிறு திரிப்பவள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் வலைக்குக் கயிறு வேண்டுமென்றால் அவள் குடிசைக்குத்தான் வரவேண்டும். கரையில் தானாக முளைக்கும் காட்டுப் புளிச்சையை வெட்டி, ஊறப்போட்டு, நார் உரிப்பாள். தண்டெல்லாம் முள், பழகாத கை எரிந்து போகும். மழையோடு முளைத்து, பூத்து, காய்த்து, அத்தோடு செத்துப்போகிற செடி அது. விதை விழுந்தால்தான் அடுத்த வருஷம் உண்டு.

டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த காலத்தில் ஒரு பஞ்சம் வந்தது. மழை பொய்த்து, ஏரி வற்றி, மீன் செத்து நாறியது. கரையெங்கும் புளிச்சையே இல்லை. இருசம்மாளின் ஊற்றுப் பள்ளத்தைச் சுற்றி மட்டும் ஒரு பாத்தி அளவுக்குத் தலைகாட்டியது. மழை திரும்பி மீன் வரும்போது கயிறில்லாமல் என்ன செய்வது? அதை நினைத்தே, வயிறு ஒட்டிக் கிடந்தும் அவள் ஓர் இலையைத் தொடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஒருநாள் நாத்தனார் செங்கேணி வந்தாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். இடுப்பில் சின்ன மகள்.

"அண்ணி, ஒரு புடி கொழுந்து குடு. அவிச்சுக் குட்த்தா கொயந்த கண்ணு முழிக்கும்."

"வெதைக்கு வுட்டிருக்கேன்டி. தலைய கிள்ளினா செடி வீணாப்பூடும்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் இந்தக் குப்பத்துல பொறந்தவதானே?"

குப்பமே அறிந்த சட்டம் அது. கொழுந்து கிள்ளிய தண்டு கிளை விட்டுவிடும். நீள நார் வராது. நாருக்குச் சொன்னதை அவள் விதைக்கும் சேர்த்துச் சொன்னாள். அது சரியா என்று யோசிக்க அதுவரை யாருக்கும் தேவை வந்ததில்லை.

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இறங்கி நகர்ந்த குழந்தை, ஓரத்துச் செடிகளின் கொழுந்தை ஒடித்து வாயில் திணித்துக்கொண்டது. இருசம்மாள் அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள்.

"ஓரத்துச் செடியெல்லாம் போச்சு, பாவி!"

செங்கேணி மகளைத் தூக்கிக்கொண்டாள். "நீ செடியவே வளத்துக்கோ அண்ணி" என்றாள். அழக்கூட இல்லை.

அந்த வாரமே, அடிமைக் கப்பலுக்கு ஆள் பிடிக்கும் தரகன் ஒருவனிடம் தாயும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். கப்பலில் சோறு போடுவார்களாம். சேதி கேட்டு இருசம்மாள் முகத்துவாரத்துக்கு ஓடினாள். அப்போதும் வெறுங்கையோடுதான் ஓடினாள். கப்பல் போய்விட்டிருந்தது. எந்தத் தீவில் விற்றார்களோ, யாருக்குத் தெரியும்?

பிறகு ஒரு சின்ன மழை பெய்தது, புளிச்சை பூத்தது. மஞ்சள் பூ, நடுவே கருஞ்சிவப்பு. காலையில் விரிந்து, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அவள் கட்டிக்காத்த செடிகள் ஒற்றைத் தண்டாய் உயர்ந்து, உச்சியில் கொஞ்சம் காய் பிடித்தன. குழந்தை ஒடித்த ஓரத்துச் செடிகளோ இலைக்கு இலை கிளை வெடித்து, கிளைக்குக் கிளை பூத்து, சுணைக் காய்களாகத் தொங்கின. இருசம்மாள் அவற்றின் முன்னால் நின்றாள். ஒரு கிளையைப் பிடித்துக் காய்களை எண்ணிப் பார்த்தாள். வீணானது எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மழை திரும்பியது. அந்த விதையில் கரையெல்லாம் புளிச்சை, வலைக்கெல்லாம் கயிறு. இருசம்மா இல்லாவிட்டால் குப்பமே இல்லை என்று ஊர் மெச்சியது. அவள் அந்தக் கீரையை வாயில் வைக்கவில்லை. ஆனால் யார் கேட்டு வந்தாலும் தடுத்ததில்லை.

"கிள்ளிக்கினு போ. கிள்ளினா தழைக்கும், வெதையும் கூடும்."

"இன்னாக்கா, ஊரே வேற மாரி சொல்லுது? ஒனக்கு யாரு சொன்னது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க நாத்தனா பொண்ணு" என்றாள் இருசம்மாள்.